கரம்பையும் கடல்மணலும்

கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை அள்ளி வயலுக்கு அடிப்பது, மானகிரி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் தலைமுறைகளாக அறிந்த வேலை. கண்மாய் ஆழமாகும், வயல் வளம் பெறும். தூர்வாரிய மண் கழிவன்று, இன்னோர் இடத்தின் தேவை என்பது நம் குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது. துறைமுகம் கட்டியவர்களுக்கு அது எளிதில் விளங்கவில்லை.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. ஆண்டு முடிவில் மிஞ்சுவது வடதிசைப் பயணமே. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகம் அதனை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் கரையைக் கடல் அரித்தது. நாம் பெருமை கொள்ளும் மெரினா, வடசென்னை மீனவர் இழந்த கரையின் மறுபக்கம்.

1933-இல் திறக்கப்பட்ட விசாகப்பட்டினத் துறைமுகத்தில், தூர்வாரிய மணலை வடபுறக் கடற்கரைக்குச் சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. ஆக, முன்மாதிரி அருகிலேயே இருந்தது.

1980களின் பிற்பகுதியில் புதுச்சேரியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கில் தேங்கும் மணலை வடக்கே கடத்தும் ஏற்பாடும் அத்திட்டத்தில் இருந்தது. ஆனால் அது முறையாகத் தொடரவில்லை. நகரின் மணற்கரை மறைந்தது, கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் நகரைக் காத்தது. அரிப்போ வடக்கிலிருந்த மீனவக் குப்பங்களுக்கு நகர்ந்தது. படகை ஏற்றி வைக்கவும் வலையை உலர்த்தவும் இடமின்றிப் போனவர்கள் அவர்களே.

பின்னர், 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்தை அடுத்த கடலில் நீருள் அமிழ்ந்த எஃகுத் திட்டொன்றை அமைத்தனர். துறைமுக முகப்பில் தூர்வாரிய மணலும் கரைக்குக் கொண்டுவரப்பட்டது. பாறைகள் மட்டுமே கிடந்த இடத்தில் மீண்டும் மணல் தெரிந்தது.

ஆயினும் ஒருமுறை கொட்டினால் முடியும் காரியமன்று இது. மணலின் பருமன் கரைக்கு ஒத்திருக்கவேண்டும். துறைமுகச் சேற்றின் நஞ்சு அதில் கலந்திருக்கக் கூடாது. பருவமறிந்து, ஆண்டுதோறும் செய்யவேண்டும். கண்மாயை ஒரு கோடையில் தூர்வாரிவிட்டு மறந்துவிட எவரும் துணிவதில்லை. கடலுக்கும் அந்த நியதியே. சுவர் கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு, மணல் அள்ளுவதற்கு இல்லை. நாம் கரைகளை இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.