பார்க்கின்சன் நோய்

பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) என்பது, நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் உடலியக்கம் குன்றும் நரம்புச் சிதைவு நோய். பெரும்பாலும் 60 வயதையொட்டித் தோன்றும்.

வகைகள்: காரணம் அறியப்படாத முதன்மை வகையே மிகுதி, மரபணு மாற்றத்தால் வருவது குறைவு. சில மனநோய் மருந்துகளாலும் இதையொத்த அறிகுறிகள் ஏற்படும்.

அறிகுறிகள்: ஓய்வாக வைத்த கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடும் நடுக்கம், தசை விறைப்பு, இயக்க மந்தம், நடைத் தடுமாற்றம். கையெழுத்து வரவரச் சிறுத்துப்போகும். மோப்பக் குறைவும் மலச்சிக்கலும் பல ஆண்டுகள் முன்பே தொடங்கலாம்.

மருத்துவம்: முதன்மை மருந்தான லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமினாக மாறுகிறது. வழியிலேயே அது மாறிவிடாதிருக்கக் கார்பிடோபா சேர்த்துத் தரப்படுகிறது. புரதம் மிகுந்த உணவு லெவோடோபாவின் பயனைக் குறைக்கும். நீண்டகாலப் பயன்பாட்டில் கட்டுப்பாடற்ற அசைவுகள் தோன்றலாம். பிரமிபெக்சோல், ராசஜிலின் ஆகிய மருந்துகளும், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு ஆழ்மூளைத் தூண்டல் அறுவை மருத்துவமும் பயன்படுகின்றன. இவை அறிகுறிகளைத் தணிப்பவை. நோயை முற்றிலும் நீக்குபவை அல்ல.

வரலாறு: இந்நோயை 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தார், பிரெஞ்சு நரம்பியலாளர் ஷார்கோ அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். லெவோடோபா 1960களில் வழக்கிற்கு வந்தது. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் பயன்படும் பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இயற்கையாக உள்ளது.