அஞ்சடி யாருக்கு?

'அஞ்சடி' என்று ஒருமுறை தமிழ்நாட்டு நண்பரிடம் சொன்னபோது, யாரோ யாரையோ ஐந்து அடி அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். சிங்கப்பூர், மலேசியத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைவீட்டின் மேல்மாடி நிழலுக்குக் கீழே, கடை வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஓடும் நடைவழி. மலாயில் காக்கி லீமா. 'வந்த புதுசுல அஞ்சடியிலதான் படுத்துக் கிடந்தோம்' என்று தாத்தா சொல்லும்போது அது ஒரு முகவரி மாதிரியே ஒலிக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தேக்காவுக்குப் போயிருந்தேன். பஃபலோ ரோட்டிலிருந்து சையது அல்வி ரோடு பக்கம் நடப்பதற்குள் ஏழெட்டு முறை அஞ்சடியை விட்டுச் சாலையில் இறங்கி ஏறினோம். காய்கறிப் பெட்டிகள், அடுக்கிய சூட்கேஸ்கள், பூக்கட்டுபவரின் முக்காலி, ஃபோன் அட்டை விற்பவரின் மேசை. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். 2018இல் எங்கள் புளோக்குக்குக் கீழே நடைபாதையில் மின்ஸ்கூட்டர் மோதி வலது மணிக்கட்டு முறிந்த நாளிலிருந்து அவருக்கு இந்தப் பயம்.

நடப்பவருக்கு எவ்வளவு இடம், அதை யார் தருவது என்ற கேள்வியைச் சிங்கப்பூர் 200 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதிலை ஒவ்வொரு தலைமுறையும் அதே ஐந்தடிக்குள்தான் தேடியிருக்கிறது.

*

1822ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் நகரக் குழு ஒன்றை அமைத்து, ஊரை எப்படி வகுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஜாக்சன் திட்டம் என்று நாம் பாடப்புத்தகத்தில் பார்த்த வரைபடம். சீனர்களுக்கு ஓரிடம், ஐரோப்பியர்களுக்கு ஓரிடம், ஆற்றின் மேற்புறம் சூலியாக்களுக்கு ஓரிடம் என்று அதில் இனவாரியாகக் கோடு கிழித்திருக்கும். அந்தக் கோடுகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதே அறிவுறுத்தலில் இருந்த இன்னொரு விதியை அவ்வளவாகக் கவனித்ததில்லை. செங்கல்லில் கட்டி ஓடு வேய்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தாழ்வாரம் இருக்க வேண்டும். அது தெருவின் இரு பக்கமும் அறுபடாமல், எந்நேரமும் திறந்திருக்கும் கூரையிட்ட வழியாக இருக்க வேண்டும்.

ஐந்தடி என்ற அளவு அதில் இல்லை. பெயரும் அளவும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இன்றும் சில அஞ்சடிகள் ஏழெட்டு அடி அகலம் இருக்கும், சிலவற்றில் இரண்டு பேர் ஒதுங்க முடியாது.

வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊருக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை. பினாங்கு, மலாக்கா, பிறகு கோலாலம்பூர் என்று அது பரவியது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, 1884இல் சிலாங்கூர் ரெசிடென்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹம் அத்தாப்புக் கூரைகளை எடுத்துவிட்டுச் செங்கல்லும் ஓடுமாகக் கட்டச் சொன்னார். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இன்று நாம் நடக்கும் அஞ்சடிகள் அந்த மரபில் வந்தவை.

ஆனால் அந்த விதிக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது. நிலம் கடைக்காரருடையது. வழி ஊருடையது. தன் செலவில் கட்டி, தன் கூரையால் மூடிய இடத்தில் ஊரார் நடப்பதைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அவர் எத்தனை நாள் சும்மா இருப்பார்? மூட்டையை வெளியே வைத்தார். பிறகு மேசையை. பிறகு அந்த மூலையை ஒரு செருப்புத் தைப்பவருக்கு வாடகைக்கு விட்டார். நாவிதர், கிளி ஜோசியர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், கச்சாங் பூத்தே விற்பவர் என்று கடை போட வக்கில்லாதவர்களுக்கெல்லாம் அஞ்சடி கடையானது. ராத்திரியில் கூலிகளுக்குப் படுக்கையானது. நடப்பவர் மட்டும் தெருவில் இறங்கினார்.

*

1887இல் புதிய நகராட்சிச் சட்டம் வந்தது. நகராட்சித் தலைவர் டாக்டர் ரோவல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அஞ்சடிகளைக் காலி செய்தே தீருவது என்று இறங்கினார். 1888 பிப்ரவரி 21. கடைகளின் முன்னால் இருந்த சாமான்களை அகற்ற ஆட்கள் வந்ததும் கடைகள் வரிசையாகக் கதவடைத்தன. கல் பறந்தது. மூன்று நாள் நகரம் கிட்டத்தட்ட நின்றுபோனது. தாழ்வாரக் கலவரம் என்று வரலாற்றில் இதற்குப் பெயர். பிரெண்டா இயோ தமது 1996ஆம் ஆண்டு நூலில் இதற்கென்றே பல பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார்.

கடைசியில் நகராட்சிதான் இறங்கி வந்தது. முழுக்கக் காலி செய்ய வேண்டாம், ஆள் நடக்க இடம் விட்டால் போதும் என்ற சமரசம். இன்று தேக்காவில் ஒரு கடைக்காரர் நம்மைப் பார்த்ததும் காலால் பெட்டியை அரையடி உள்ளே தள்ளுகிறாரே, அந்த அரையடியில் இந்தச் சமரசம் இன்னும் உயிரோடிருக்கிறது.

இந்தக் கலவரத்தை முதலில் படித்தபோது நான் கடைக்காரர் பக்கம் இருந்தேன். காலனி அதிகாரி ஒருவர் ஏழை வியாபாரியின் வயிற்றில் அடிக்கிறார், அவ்வளவுதானே என்று. அம்மாவின் கை முறிந்த பிறகு மறுபடி படித்தேன். டாக்டர் ரோவலின் கேள்வியும் நியாயமானதுதான் என்று அப்போதுதான் தோன்றியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவே இறங்க வேண்டியிருந்த பெண்ணைப் பற்றி யார் எழுதினார்கள்?

*

ரிக்‌ஷா 1880இல் வந்து 1947இல் தடைசெய்யப்பட்டது. அதற்குள் சாலை மோட்டாரின் கைக்குப் போயிருந்தது. 1964இல் கோலியர் கீயில் முதல் மேம்பாலம் பாதசாரிகளுக்காகத் திறக்கப்பட்டபோது அதை முன்னேற்றமாகத்தான் பார்த்தார்கள். முன்னேற்றம்தான். அதோடு அது ஒரு தீர்ப்பும்கூட. கார் நேராகப் போகும், மனிதர் படியேறிப் போக வேண்டும். படியேற முடியாத முதியோருக்காக அந்தப் பாலங்களில் மின்தூக்கி வர ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின.

1971இன் கருத்துருத் திட்டம் புதுநகரங்களையும் விரைவுச்சாலைகளையும் வரைந்தது. 1975இல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். 1990இல் கார் வாங்குவதற்கே உரிமைச் சீட்டு ஏலத்தில் எடுக்க வேண்டும் என்றானது. காரை இவ்வளவு துணிச்சலாகக் கட்டுப்படுத்திய நகரங்கள் உலகில் குறைவு. மிச்சமான இடம் பேருந்துக்கும் எம்ஆர்டிக்கும் போனது. தபால்காரரும் பால்காரரும் கம்பத்துப் பிள்ளைகளும் ஓட்டிய சைக்கிள் மட்டும் திட்டத்தில் எங்கும் ஒட்டவில்லை. 1990களில் அதற்கு ஓரிடம் கிடைத்தது. கால்வாய்க் கரைகளை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதைகள். அழகான பாதைகள்தான், நானும் ஓட்டுகிறேன். ஆனால் அவை உடற்பயிற்சிக்கு. விடிகாலையில் வேலைக்குப் போகிறவர் கால்வாய்க் கரையில் வேலை செய்யவில்லையே.

அவர் எங்கே ஓட்டுவார்? சாலையில் லாரிக்குப் பயந்து நடைபாதையில் ஏறினார். அது சட்டப்படி குற்றம். 2007இல் தெம்பனிசில் நடைபாதையைச் சைக்கிளோட்டிகளோடு பகிர்ந்துகொள்ளும் சோதனை தொடங்கி, 2010இல் அங்கே அது சட்டபூர்வமானது. 2018 மே மாதம் நடப்புக்கு வந்த சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. சைக்கிளோடு மின்ஸ்கூட்டரும் சேர்ந்து நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வரை போகலாம் என்றது.

அந்த ஆண்டுதான் அம்மா விழுந்தார். மோதிய பையனுக்கு 20 வயது இருக்கலாம். முதுகில் உணவுப் பை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "மாக்சிக், மின்தா மாஃப், மாக்சிக்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. அம்மா வலியிலும் "தாப்பா, தாப்பா" என்றார். ஆம்புலன்சில் நான் கோபமாக ஏதோ சொன்னபோது, "அவனும் வேலைக்குத்தானடா ஓடுறான். ரோட்டுல போனா லாரி அவன அடிக்கும்" என்றார்.

2019 பிப்ரவரியில் நடைபாதை வேகம் 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் சென்ற 65 வயதுப் பெண் மின்ஸ்கூட்டருடன் மோதி இறந்தார். நவம்பர் 5ஆம் தேதி முதல் மின்ஸ்கூட்டர்களுக்கு நடைபாதையில் இடமில்லை என்றானது. சுமார் 7,000 உணவு விநியோகிப்பாளர்கள் அதை நம்பி வாழ்ந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்புகளுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். வண்டியை மாற்றிக்கொள்ள 70 லட்சம் வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது.

1888இல் கல், 2019இல் வரிசை. மற்றபடி அதே வழக்குதான். நடக்கிறவரின் பாதுகாப்பும் இன்னொரு ஏழையின் பிழைப்பும் ஒரே ஐந்தடியில் மோதிக்கொள்கின்றன. இரண்டு முறையும் அரசு நடுவராக வந்தது. பக்கத்தில் நான்கு தடத்தில் ஓடிய சாலையை இரண்டு முறையும் யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை.

ஏற்ற முடியாதது அல்ல அது. 2017இல் பென்கூலன் ஸ்திரீட்டில் நான்கு கார்த்தடங்களை இரண்டாக்கி, மிச்சத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் கொடுத்தார்கள். சுமார் 400 மீட்டர் தூரம்தான். ஆனால் ஒருமுறை நடந்து பாருங்கள், முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. சைக்கிள் பாதைகளை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக நீட்டுவது இப்போதைய இலக்கு. அவற்றில் எவ்வளவு கார்த்தடத்திலிருந்து எடுக்கப்படும், எவ்வளவு புல்தரையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் எடுக்கப்படும் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

*

தேக்காவைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ்கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதன்பின் நடந்ததை லிட்டில் இந்தியா கலவரம் என்கிறோம். மது, கும்பல், காவல்துறை என்று பேசினோம். விசாரணைக் குழு அதை விபத்து என்றது, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கலவரத்துக்கு முன்னால் அது ஒரு பாதசாரியின் மரணம்.

நடைபாதைகளை வரையும்போது அந்தப் பேட்டையில் குடியிருப்பவர்கள் கணக்கில் வருவார்கள், கடைகள் வரும், சுற்றுப்பயணிகள் வருவார்கள். வாரத்தில் ஒரே நாள் தங்குவிடுதிகளிலிருந்து வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, நண்பர்களைப் பார்த்து, அஞ்சடி நிரம்பியதால் சாலையில் நடப்பவர்கள்? தாத்தா அஞ்சடியில் படுத்த காலத்தில் அவரும் எந்தக் கணக்கிலும் இருந்திருக்க மாட்டார்.

2025 ஜூலை முதல், சைக்கிள் பாதைக்குப் பக்கத்தில் பாதசாரிகளுக்கு மட்டும் என்று குறித்த பாதைகளில் சைக்கிளோ மின்ஸ்கூட்டரோ ஓடக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. ராஃபிள்ஸ் எழுதியதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, காலுக்கு மட்டும் என்று சட்டம் சொல்லும் ஒரு பாதை. எங்கள் புளோக்கிலிருந்து எம்ஆர்டிக்குப் போகும் வழியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அம்மா அதில்தான் நடக்கிறார். பின்னால் மணிச் சத்தம் கேட்டால் இன்னும் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். பக்கத்துப் பாதையில் போகிற சைக்கிள் என்று சொன்னால், "தெரியும்டா" என்கிறார். ஆனாலும் அது கடந்து போகும் வரை நகர்வதில்லை.