பகுதிக்கு இரண்டு பொருள்: இந்திய உயர்கல்விச் சேர்க்கையில் வட்டார மாற்றங்கள்

பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. அன்றாடப் பேச்சிலோ பகுதி என்றால் நிலத்தின் ஒரு கூறு. உயர்கல்வியில் எந்த மாநிலம் முந்தியது, எது பின்தங்கியது என்று நாம் நடத்தும் விவாதங்களில் இந்த இரு பொருளும் பிரிக்க முடியாமல் குழம்பிக் கிடக்கின்றன. ஒரு நிலப்பகுதியின் சாதனை என்று கொண்டாடுவதில் கணிசமான பங்கு, பின்னத்தின் பகுதி செய்து கொடுத்த வேலை. மாநில வாரியான மொத்தச் சேர்க்கை விகிதம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வியை அளப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மாணவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்ற கேள்வி அதனுடன் சேரும்வரை, அந்த எண்ணை வைத்து வட்டாரங்களை ஒப்பிடுவது பிழையில்தான் முடியும்.

முதலில் பொதுவான போக்கைப் பார்ப்போம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2014-15-இல் 3.42 கோடியாக இருந்த மாணவர் எண்ணிக்கை 2021-22-இல் 4.33 கோடியானது. சேர்க்கை விகிதம் 23.7-இலிருந்து 28.4 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பதிவான அனைவரையும், வயது பாராமல், தொகுதியில் வைத்து, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையால் வகுத்து வருவது இந்த விகிதம். 2021-22-இல் சண்டிகர் 64.8, புதுச்சேரி 61.5, தில்லி 49, தமிழ்நாடு 47, இமாச்சலம் 43.1, உத்தராகண்ட் 41.8, கேரளம் 41.3, தெலங்கானா 40. மறுமுனையில் பிகார் 17.1. தெற்கு உயர்ந்தது, கங்கைச் சமவெளி தாழ்ந்தது என்ற வழக்கமான சித்திரத்துக்கு இந்த வரிசை அழகாகப் பொருந்துகிறது. அந்தப் பொருத்தம்தான் எனக்கு முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது.

2019-20-ஆம் ஆண்டுக்கு நாட்டின் சேர்க்கை விகிதம் 27.1 என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த அறிக்கையில் அதே 2019-20-க்கு 25.6 என்று இருந்தது. மாணவர் யாரும் இடையில் கல்லூரியை விட்டுப் போய்விடவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடியாகக் கொண்ட மதிப்பீட்டை விட்டுவிட்டு 2011-ஐ அடியாகக் கொண்டதற்கு மாறினார்கள். பகுதி பெருத்தது, விகிதம் இளைத்தது. 51.4 என்று பெருமையோடு எழுதப்பட்ட தமிழ்நாட்டின் எண் அடுத்த அறிக்கையில் 46.9 ஆனதற்கும் முதன்மைக் காரணம் இதுவே. இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்து, தமிழ்நாடு சரிந்தது என்று எழுத விரும்புபவருக்குப் புள்ளிவிவரம் தயாராகவே இருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே இன்றும் நாம் வகுப்பது 2011-இலிருந்து நீட்டிப் போட்ட கோட்டால்தான். அந்தக் கோட்டை வரைந்தவர்கள் மாநிலங்களுக்கிடையே மக்கள் எவ்வளவு பேர் இடம்பெயர்வார்கள் என்று ஊகித்தார்களோ, அந்த ஊகமும் விகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

பகுதியைவிடத் தொகுதியின் சிக்கல் பெரிது. சிக்கிமைப் பாருங்கள். 2018-19-இல் அதன் விகிதம் 53.9, 2019-20-இல் 75.8. நாட்டிலேயே முதலிடம். 2011 கணக்கெடுப்பில் சிக்கிமின் மொத்த மக்கள்தொகையே 6.1 லட்சம். அதில் எட்டில் ஒருவர் 18-23 வயதினர் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் 76 ஆயிரம் பேர். ஒரே ஆண்டில் ஏறிய ஏறத்தாழ 22 புள்ளிகளுக்கு 16 ஆயிரத்துச் சொச்சம் புதிய பதிவுகள் வேண்டும். அத்தனை பேரும் மலைக் கிராமங்களிலிருந்து ஒரே கோடையில் கல்லூரிக்கு இறங்கி வந்தார்கள் என்று யாராவது நம்புவார்களா? சமவெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், அஞ்சல் வழியில் பதிவானவர்கள் என்று வேறு எந்த விளக்கத்தைத் தேடினாலும், மலைமேல் பிறந்த பிள்ளைக்கு அந்த 75.8-இல் எத்தனை பங்கு என்பதை விகிதத்திலிருந்து மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. 2021-22-இன் முதல் எட்டு இடங்களில் சிக்கிம் இல்லை. ஏறியபோது கொண்டாடியவர்கள் இறங்கியபோது ஏன் என்று கேட்கவும் இல்லை.

சண்டிகர், புதுச்சேரி, தில்லி மூன்றும் நகரங்கள். சுற்றியுள்ள நிலமெல்லாம் வேறு மாநிலக் கணக்கில் இருக்கிறது. கடலூரில் காலை ஏழரை மணிப் பேருந்தில் ஏறும் மாணவி எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றின் வாசலில் இறங்குகிறாள். மாலையில் வீடு திரும்புகிறாள். மக்கள்தொகையில் அவள் தமிழ்நாட்டின் பகுதியில் இருக்கிறாள். சேர்க்கையில் புதுச்சேரியின் தொகுதியில் இருக்கிறாள். பேருந்துக் கட்டணம் கொடுத்து ஒரு மாநிலத்தின் விகிதத்தைக் குறைத்து இன்னொன்றின் விகிதத்தைக் கூட்டுகிறாள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பஞ்சாபிலும் அரியானாவிலும் வீடு வைத்துக்கொண்டு சண்டிகரில் படிப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

இந்தக் கணக்கில் மிகுதியாக இழப்பது பிகார். அங்கே கல்வி தொன்றுதொட்டே இல்லை என்று தெற்கிலிருந்து பார்ப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பாட்னா பல்கலைக்கழகம் 1917-இல் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல். தொடக்கத்தில் பின்தங்காத ஓரிடம் பின்னால் பின்தங்கியதற்குக் காரணத்தை அண்மைக் காலத்தில்தான் தேட வேண்டும். 18-23 வயதினர் ஒரு லட்சம் பேருக்குக் கர்நாடகத்தில் 66 கல்லூரிகள், நாட்டின் சராசரி 30, பிகாரில் 7. இருக்கும் கல்லூரிகளிலும் தேர்வும் முடிவும் தள்ளிப்போய், மூன்றாண்டுப் பட்டம் நான்கு, ஐந்து ஆண்டுகள் இழுத்த கதைகள் நெடுங்காலமாகச் செய்தியாகி வருகின்றன. வசதியுள்ளவர் பிள்ளையை வெளியே அனுப்புகிறார். வசதியில்லாதவர் கடன் வாங்கி அனுப்புகிறார். பிகார் அரசு 2016-இல் தொடங்கிய மாணவர் கடன் அட்டைத் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பெறலாம். வெளிமாநிலக் கல்லூரிகளில் சேர்பவர்களும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைப் பெறலாம். பெங்களூரிலோ புவனேசுவரத்திலோ அந்தப் பணத்தில் படிக்கும் பையன் கர்நாடகத்தின், ஒடிசாவின் சேர்க்கையைத்தான் உயர்த்துகிறான். பிகாரின் கருவூலத்திலிருந்து காசு போகிறது. அட்டவணையில் பிகாருக்கு எதுவும் வரவு ஆவதில்லை.

அப்படியானால் பிகாரின் 17.1 பொய்யா? மெய்தான். பிகாரின் கல்லூரிகள் எத்தனை பேருக்கு இடம் கொடுத்தன என்பதற்கான மெய். பிகாரின் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் பிழை நேர்கிறது.

பகுதியின் பக்கம் மீண்டும் வருவோம். நிதிப் பங்கீட்டை இது நேரடியாகத் தொடுகிறது. 2021-22-இல் உத்தரப் பிரதேசத்தின் சேர்க்கை 69.73 லட்சம், நாட்டிலேயே அதிகம், விகிதமோ 24.1 மட்டுமே. தமிழ்நாட்டின் சேர்க்கை 33.09 லட்சம். வகுத்துப் பார்த்தால், விகிதத்தை ஒரு புள்ளி உயர்த்த உத்தரப் பிரதேசம் ஏறத்தாழ 2.9 லட்சம் புதிய மாணவருக்கு இடம் தேட வேண்டும். தமிழ்நாட்டுக்கு 70 ஆயிரம் போதும். இதோடு கருவள வேறுபாடும் சேர்கிறது. 2020-இன் மாதிரிப் பதிவுத் திட்டப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைகள், பிகாரில் 3. தெற்கில் பகுதி சுருங்கிக்கொண்டே போகும். ஒரு இடம்கூடக் கூட்டாமல், ஒரு ஆசிரியரைக்கூட நியமிக்காமல் விகிதம் ஏறும். 2035-க்குள் 50 விழுக்காடு என்ற தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கைத் தமிழ்நாடு பிறப்பு விகிதத்தின் தயவில் தொட்டுவிடக்கூடும். வடக்கில் அதே இலக்குக்குக் கட்டடம், ஆசிரியர், விடுதி எல்லாம் புதிதாக வேண்டும்.

தமிழ்நாட்டின் உழைப்பைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 2022-இன் புதுமைப்பெண் திட்டம் ஆகியவற்றின் பயன் கண்கூடானது. ஆனால் அந்தப் பயன் எவ்வளவு என்று அளக்க 47 உதவாது. வேலூரிலும் சென்னைப் புறநகரிலும் உள்ள தனியார் பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு மாலை நின்று காதைக் கொடுத்தால் தெலுங்கும் இந்தியும் வங்காளமும் கேட்கும். அவர்களும் அந்த 47-க்குள்தான் இருக்கிறார்கள்.

மாநிலத்துக்குள்ளும் இதே மயக்கம். கர்நாடகத்தின் 4,430 கல்லூரிகளில் 1,106 பெங்களூர் நகர மாவட்டம் ஒன்றிலேயே இருக்கின்றன, அதாவது நான்கில் ஒன்று. லட்சத்துக்கு 66 என்ற சராசரி யாத்கிருக்கும் ராய்ச்சூருக்கும் பொருந்தாது. இந்த வேறுபாடு யாரும் அறியாத ஒன்றல்ல. இவ்விரண்டும் அடங்கிய ஐதராபாத் கர்நாடக மாவட்டங்களுக்காக 371 ஜே என்ற தனிப் பிரிவே அரசமைப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசமைப்பு மாவட்டம் வரை இறங்கி வந்துவிட்டது. நமது ஒப்பீடுகள்தான் இன்னும் மாநிலத்தோடு நின்றுவிடுகின்றன.

நற்செய்தியாகச் சொல்லப்படும் எண்களையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் சேர்க்கை 2014-15-இல் 9.36 லட்சம், 2021-22-இல் 12.02 லட்சம். அதில் பெண்கள் 6.07 லட்சம், ஆண்கள் 5.95 லட்சம். பெண் கல்வியின் வெற்றி என்று இதை வாசிக்க எனக்கும் ஆசைதான். வெளியூருக்குப் படிக்கப் போகும் ஆண்கள் அங்கே அதிகமென்றால், உள்ளூரில் எஞ்சிய எண்ணிக்கையிலும் பெண்களே முந்தியிருப்பார்கள். இரண்டில் எது எவ்வளவு என்பதை இந்த அட்டவணையிலிருந்து பிரிக்க முடியாது.

பிரிக்கத் தேவையான தரவு புதிதாகத் திரட்ட வேண்டியதுமில்லை. கணக்கெடுப்புப் படிவத்தைக் கணினியில் நிரப்பும் கல்லூரி அலுவலரின் பின்னால் உள்ள இரும்பு அலமாரியில் ஒவ்வொரு மாணவரின் மாற்றுச் சான்றிதழும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பள்ளியின் பெயரும் ஊரும் அதில் அச்சாகியிருக்கின்றன. படிவம் பாடப்பிரிவைக் கேட்கிறது, பாலினத்தைக் கேட்கிறது, சமூகப் பிரிவைக் கேட்கிறது. பிளஸ் டூ முடித்த மாவட்டம் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தால், மாநிலத்துக்கு இரண்டு விகிதங்கள் கிடைக்கும்: அந்த மாநிலக் கல்லூரிகள் கொடுத்த இடம் ஒன்று, அந்த மாநிலப் பிள்ளைகள் பெற்ற கல்வி மற்றொன்று. மாணவரின் தனியுரிமை, அலுவலரின் வேலைச் சுமை என்று தடை சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 371 டி பிரிவின்கீழ் வந்த 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கடைசி நான்கு ஆண்டுகள் எந்த வட்டாரத்தில் தொடர்ந்து படித்தார் என்பதை வைத்தே உள்ளூர் மாணவரை வரையறுத்தது. அதன்படி ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் உள்ள சேர்க்கை அலுவலகங்கள் பல பத்தாண்டுகளாக இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வைத்து வந்திருக்கின்றன.