‘தி டைம் இஸ் ரைப்’: எப்போது சொல்லலாம்?

பேராக் மாநிலத்துப் பீடோர் கொய்யா சாப்பிட்டிருக்கீங்களா? முந்திப் பறித்தால் துவர்க்கும், பிந்தினால் குழைந்துவிடும். இடையில் மொறுமொறுவென ஒரு பதம் உண்டு. ‘ரைப்’ என்பது அதுபோல அறுவடைக்கு ஏற்ற பக்குவம்.

‘தி டைம் இஸ் ரைப்’ என்றால் ‘காலம் கனிந்துவிட்டது’. சூழல் கூடிவந்திருக்கிறது, தொடங்கலாம் என்று பொருள். ‘தி டைம் இஸ் ரைப் டு ஸ்டார்ட்’ எனலாம்.

‘இட்ஸ் ஹை டைம்’ வேறு. ‘எப்பவோ செய்திருக்கணும்’ என்ற குறை அதில் ஒலிக்கும். பின்னால் வரும் வினைச்சொல் பெரும்பாலும் இறந்தகாலம்: ‘இட்ஸ் ஹை டைம் வி ஸ்டார்ட்டட்’.

மேலதிகாரியிடம் முதலாவதைச் சொன்னால் யோசனை. இரண்டாவதைச் சொன்னால் புகார். பார்த்துப் பேசுங்க!