கோஸ்ட் என்ற சொல்லில் எச் நுழைந்த காலம்

ஆங்கில அகராதியில் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் மிகக் குறைவு. ஆவியைக் குறிக்கும் கோஸ்ட், கோரமான என்று பொருள்படும் காஸ்ட்லி, ஊறுகாய்க்குப் போடும் சிறு வெள்ளரியான கெர்கின், யூதர் குடியிருப்பான கெட்டோ, பிணந்தின்னிப் பேயான கூல், நம் நெய்யான கீ, மலைப்பாதையைக் காட் ரோடு என்கிறோமே அந்தக் காட், கானா நாட்டின் பெயர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இவை எல்லாவற்றிலும் முதல் ஒலி ஒன்றே: தங்கம் என்ற சொல்லில் க பெறும் ஒலி. எச் எங்கும் ஒலிப்பதில்லை. தமிழில் எழுதும்போது கோஸ்ட் என்பது ஆவிக்கும் கடற்கரைக்கும், காஸ்ட்லி என்பது கோரத்துக்கும் விலை மிகுதிக்கும் பொதுவாகிவிடும். இக்கட்டுரை நெடுகிலும் அவை ஜி-எச் சொற்களையே குறிக்கும்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருமுறை என்னிடம், “சார், அந்த எச் எதுக்கு?” என்று கேட்டாள். அன்று நான் சொன்ன விடை டேவிட் கிரிஸ்டலுடையது. இன்று அந்த விடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டல் பற்றி கிரிஸ்டல் 2012இல் வெளியிட்ட நூலின் விளக்கம் பரவலாக எடுத்தாளப்படுகிறது. அதன் சாரம் இது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவியபோது, அவருடன் வந்த அச்சுக்கோப்பாளர்கள் ஃபிளாண்டர்ஸ் பகுதியினர். ஆங்கிலத்தில் எச் இல்லாமல் இருந்த சொல்லைப் பார்த்ததும் அவர்களுக்குத் தம் மொழியின் கேஸ்ட் நினைவுக்கு வந்தது. அதில் ஜி-க்குப் பின் எச் உண்டு. பழகிய கை அதையே கோத்தது. வாத்து, வெள்ளாடு, பெண் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலும் அதே எச் அக்காலத்தில் ஏறியது. அங்கெல்லாம் பின்னர் உதிர்ந்துவிட்டது, கோஸ்டில் மட்டும் தங்கிவிட்டது.

இந்த விளக்கத்தில் அடித்தளமான ஒன்று சரி. ஆங்கில அச்சில் இந்த எச் காக்ஸ்டன் நூல்களில்தான் முதலில் தென்படுகிறது. கேஸ்ட் என்ற சொல்லின் சாயல் அதில் இருக்கிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் ஏற்கிறது. நான் மறுப்பது இரண்டு இடங்களை. எச்சைச் சேர்த்தவர் அச்சுக்கோப்பாளர் என்பது ஒன்று. சேர்ந்த எச் தற்செயலாகத் தங்கிவிட்டது என்பது மற்றொன்று.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். காக்ஸ்டனின் பணியாளர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதன்மையானவர், அவர் மறைவுக்குப் பின் அச்சுக்கூடத்தை ஏற்று நடத்திய வின்கின் டி வொர்டு. அவர் ஃபிளாண்டர்ஸ்காரர் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. பெயரிலுள்ள ஊர் அல்சாஸ் பக்கத்து வொர்த் என்பர் பலர். நெதர்லாந்தின் வூர்டன் என்பர் சிலர். காக்ஸ்டனோ கென்ட் வட்டாரத்தில் பிறந்து, ஏறத்தாழ 30 ஆண்டுகள் புரூஜில் வணிகராக வாழ்ந்து, அங்கிருந்த ஆங்கில வணிகர்களுக்குத் தலைவராகவும் இருந்தவர். ஃபிளெமிஷ் பேச்சும் எழுத்தும் நாள்தோறும் அவர் கண்ணிலும் காதிலும் பட்டவை. ரெனார்டு நரிக் கதையை அவர் 1481இல் அச்சிட்டபோது, 1479இல் கௌடாவில் ஜெரார்டு லேயூ அச்சிட்ட டச்சு நூலை முன்னால் வைத்துக்கொண்டு தாமே மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பு டச்சுச் சொற்களால் நிறைந்தது. சொற்றொடர்கூடச் சில இடங்களில் டச்சுப் போக்கில் ஓடுகிறது. இவ்வளவையும் மொழிபெயர்ப்பாளர் கணக்கில் எழுதிவிட்டு, எச்சை மட்டும் அச்சுக்கோப்பாளர் கணக்கில் எழுத எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதைவிட வலுவான காரணம் அந்த மொழியின் எழுத்து வழக்கிலேயே இருக்கிறது. இடைக்கால டச்சில் ஜி-எச் பெரும்பாலும் இ, ஐ என்ற ஆங்கில உயிரெழுத்துகளுக்கு முன் வருவது. ஓ, ஏ ஆகியவற்றுக்கு முன் வெறும் ஜி-யே பெருவழக்கு: கடவுளைக் குறிக்கும் காட், நல்ல என்று பொருள்படும் கூட் ஆகியவற்றை அவர்கள் எச் இல்லாமலேதான் மிகுதியும் எழுதினார்கள். ஆங்கிலச் சொல்லில் ஜி-யை அடுத்து வருவது ஓ. கை தன் பழக்கத்தில் கோத்திருந்தால் அங்கே எச் விழ வாய்ப்புக் குறைவு. கேஸ்ட் என்ற சொல் மனத்தில் நின்று, அதன் பொருளும் இதன் பொருளும் ஒன்றென உணர்ந்த ஒருவர்தான் எச்சை அங்கே கொண்டுவந்திருக்க முடியும். அது கைப்பழக்கத்தின் வேலை அன்று, இருமொழி அறிந்த மனத்தின் வேலை.

என் வாதத்துக்கு எதிராக நிற்பது வாத்து. அதன் டச்சுச் சொல்லில் ஜி-க்குப் பின் ஏ. எச் வர நியாயம் இல்லை. ஆயினும் காக்ஸ்டன் கால அச்சில் அதன் ஆங்கிலச் சொல் எச்சுடன் வந்திருக்கிறது. வெள்ளாட்டுக்காவது டச்சில் இ வருகிறது என்று சமாதானம் சொல்லலாம். வாத்துக்குச் சொல்ல என்னிடம் சமாதானம் இல்லை. அந்த ஒரு சொல்லைக் கிரிஸ்டல் பக்கமே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது இடம், அதாவது எச் ஏன் தங்கியது என்பது, எனக்கு முக்கியமானது. இதற்காக ஒரே ஒரு விவிலிய வசனத்தை எடுத்துக்கொண்டு பழைய ஆங்கிலப் பதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மத்தேயு 28:19. ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் கட்டளை. அதில் பரிசுத்த ஆவியின் பெயர் கட்டாயம் வரும். எந்த மொழிபெயர்ப்பாளரும் தவிர்க்க முடியாத இடம் என்பதால் பாடவேறுபாட்டை ஒப்பிட ஏற்றது.

வில்லியம் டின்டேலின் புதிய ஏற்பாடு 1526இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சானது. அங்கே ஆவி எச் இல்லாமல் நிற்கிறது: ஜி, அடுத்து இரண்டு ஓ, எஸ், டி. டின்டேல் திருத்தி வெளியிட்ட 1534ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதே ஐந்து எழுத்துகள்தான். இந்த 1534ஆம் ஆண்டுப் பதிப்பு அச்சான ஊர் ஆன்ட்வெர்ப். அச்சிட்டவர் மார்டன் டி கெய்சர். ஃபிளெமிஷ் பேசும் ஊரின் நடுவில், தெருவெங்கும் கேஸ்ட் என்று எச்சுடன் எழுதப்பட்ட நகரில், ஓர் ஆங்கில நூலின் மிகப் புனிதமான வசனத்தைக் கோத்தவர் எச்சைச் சேர்க்கவில்லை. காக்ஸ்டனின் அச்சுக்கூடத்தில் ஃபிளெமிஷ் கை தன்னையறியாமல் எச்சைக் கோத்தது என்றால், ஐம்பத்து சொச்சம் ஆண்டுகள் கழித்துத் தன் சொந்த மண்ணில் அதே கை ஏன் கோக்கவில்லை? கிரிஸ்டல் விளக்கத்துக்கு இந்த ஒரு வரி பெரிய தடை என்று கருதுகிறேன்.

தடையின் எடையைக் கூட்டிச் சொல்லவும் கூடாது. டி கெய்சர் பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர். அவரிடம் வேலை செய்த கோப்பாளர்களின் தாய்மொழிக்குச் சான்று இல்லை. டின்டேல் அதே நகரில் இருந்து மெய்ப்புப் பார்த்திருக்கவும் கூடும். அயல்நாட்டுக் கோப்பாளர்கள் ஆங்கில எழுத்தில் தடம் பதித்ததே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. டின்டேல் ஏற்பாட்டின் 1535ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றில் தந்தை, ஆசான் ஆகிய சொற்களின் ஏ-க்குப் பின் ஓர் இ நுழைந்திருக்கிறது. டின்டேல் பிறந்த குளோஸ்டர்ஷயர் உழவர்களின் பேச்சுக்கேற்ப அவரே அப்படி எழுதினார் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது ஃபிளெமிஷ் பணியாளர்களின் எழுத்து வழக்கு என்ற விளக்கம் பின்னர் வந்தது. அதையே நானும் ஏற்கிறேன். ஆக, கைப்பழக்கம் பதியும் இடம் அப்படிப்பட்டது: உயிரெழுத்தில், பல சொற்களில், ஒரே மாதிரியாக. தனிச்சொல் ஒன்றில் குடியேறிய எச் அந்த வகையில் சேராது.

வரிசையைத் தொடர்கிறேன். கவர்டேலின் 1535ஆம் ஆண்டு விவிலியத்திலும் எச் இல்லை. அது அச்சான ஊர் ஜெர்மனியில் என்பது பழைய கருத்து, ஆன்ட்வெர்ப் என்பது அண்மைக் கருத்து. பின்னது உறுதிப்பட்டால் என் தரப்புக்கு இன்னொரு சாட்சி கிடைக்கும். 1560ஆம் ஆண்டு ஜெனிவா விவிலியத்தில் இரண்டு ஓ ஒன்றாகக் குறைந்திருக்கிறது, எச் இன்னும் வரவில்லை. 1568இல் ஆயர்களின் விவிலியத்தில் எச் வந்துவிட்டது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் நாம் இன்று எழுதும் வடிவமே இருக்கிறது, ஜி பெரிய எழுத்தில். காக்ஸ்டனின் முதல் எச்சுக்கும் இதற்கும் இடையே நூறாண்டுக்கு மேல். கோப்பாளர் கைதவறியது என்றால் அது இந்த நூறாண்டில் வாத்தைப் போல உதிர்ந்திருக்க வேண்டும். உதிரும் நிலையில்தான் இருந்தது, யாரோ மீட்டெடுத்திருக்கிறார்கள்.

மீட்டவர் யார் என்பதில் என்னிடம் இருப்பது மெல்லிய சான்று. 1549இல் இங்கிலாந்துத் திருச்சபை வெளியிட்ட பொது வழிபாட்டு நூலில் பரிசுத்த ஆவி எச்சுடன் வருகிறது. சட்டத்தால் ஒவ்வொரு பங்கிலும் கட்டாயமாக்கப்பட்ட நூல் அது. ஒவ்வொரு சங்கீதத்தின் முடிவிலும் சொல்லும் துதியில் அந்தச் சொல் வரும். எழுத்தறிந்த ஒருவர் வாரந்தோறும் கண்ணால் கண்ட ஆவி அதுவே. வேறெந்த நூலுக்கும், விவிலியத்துக்கும்கூட, அன்று இந்த அளவு திரும்பத் திரும்பக் கண்ணில்படும் வாய்ப்பு இல்லை. எச் பொதுவழக்கானது 16ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகுதான் என்ற அகராதிக் கணக்கும் இந்த ஆண்டோடு பொருந்துகிறது. ஜெனிவா விவிலியம் பதினொரு ஆண்டு கழித்தும் எச் இல்லாமல் வந்ததே என்றால், அதை உருவாக்கியவர்கள் இங்கிலாந்தை விட்டு வெளியேறி அயலில் வாழ்ந்தவர்கள். வழிபாட்டு நூலோடு பிணக்கும் கொண்டிருந்தவர்கள். இது ஊகம்தான். ஆனால் தற்செயல் என்ற விளக்கத்தைவிட வரலாற்றுக்கு நெருக்கமான ஊகம்.

சொல்லின் பொருளும் இதற்குத் துணை நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது மூச்சு, உயிர், ஆன்மா என்பனவற்றைக் குறித்தது. இறந்தவரின் உருத்தோற்றம் என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாகிறது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவை ஆவிக்குரிய தந்தை என்று சொல்லவும் ஆங்கிலேயர் இச்சொல்லின் உரிச்சொல் வடிவத்தையே ஆண்டார்கள். ஷேக்ஸ்பியரின் ரோமியோ லாரன்ஸ் துறவியை அப்படித்தான் அழைக்கிறான். தமிழில் ஆவி என்ற ஒரே சொல் உயிரையும் பேயையும் பரிசுத்த ஆவியையும் இன்றும் சுமக்கிறது. இட்லிப் பானையிலிருந்து எழுவதும் ஆவியே. ஆங்கிலம் காலப்போக்கில் உயர்ந்த பொருளை இலத்தீன் வழிச் சொல்லான ஸ்பிரிட்டுக்குக் கொடுத்துவிட்டு, கோஸ்டிடம் பேயை மட்டும் விட்டது. எச் உறுதிப்பட்ட காலத்தில் அந்தப் பிரிவினை முடிந்திருக்கவில்லை. எச் ஏறியது பேயின் மேல் அன்று, இறைவனின் பெயர் மேல்.

மற்றச் சொற்களில் எச்சுக்குத் தெளிவான வேலை உண்டு. ஆங்கிலத்தில் இ, ஐ ஆகியவற்றுக்கு முன் ஜி மென்மையாகி ஜகரமாக ஒலிக்கக்கூடும். அதைத் தடுக்க ஒரு காவல் வேண்டும். விருந்தினரைக் குறிக்கும் கெஸ்ட், ஊகத்தைக் குறிக்கும் கெஸ் ஆகியவற்றில் யு என்ற எழுத்து காவலுக்கு நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே எச்சும் போட்டியிட்டது, யு வென்றது. வெனிசில் 1516இல் ஏற்பட்ட கெட்டோவின் பெயர் இத்தாலிய முறைப்படி எச்சுடனே வந்து, 1611இல் தாமஸ் கோரியட்டின் பயணநூலில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அரபு, இந்துஸ்தானிச் சொற்களில் எச் அந்தந்த மொழியின் ஒலியைக் காட்ட முயன்ற எழுத்து.

கெர்கின் மட்டும் என் வழக்குக்கு நேரடிச் சாட்சி. அது டச்சிலிருந்தே வந்த சொல். சாமுவேல் பெப்பிஸ் 1661 டிசம்பர் 1 நாட்குறிப்பில் ஒரு கண்ணாடிக் குடுவை கெர்கினைத் திறந்ததைப் பதிகிறார். அவர் எழுதியது ஜி-யை அடுத்து ஐ, எச் இல்லை. பின்னால் ஜகரமாகப் படித்துவிடாதபடி ஆங்கிலேயரே எச்சைச் செருகினார்கள். டச்சுச் சொல் எச் இல்லாமல் வந்தது, ஆங்கிலத்தில் எச் பெற்றது. அயல்நாட்டுத் தோற்றம் தரும் எழுத்தெல்லாம் அயல்நாட்டுக் கையால் விழுந்தது அல்ல என்பதற்கு இந்தச் சிறு வெள்ளரி போதும்.

இன்னும் தீராத ஒரு கணக்கு உண்டு. காஸ்ட்லியும், திகைத்துப்போன என்று பொருள்படும் அகாஸ்டும் அச்சுறுத்து என்ற பழைய வினையிலிருந்து பிறந்தவை. கோஸ்டின் சாயலால் பின்னாளில் அவற்றில் எச் ஏறியது என்பதே எல்லோரும் சொல்வது. காஸ்ட்லிக்கு அது பொருந்துகிறது. அதில் எச் 16ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அகாஸ்டிலோ எச் பொதுவழக்கானது 1700க்குப் பிறகு என்றாலும், 1425 வாக்கிலான ஸ்காட்டிஷ் எழுத்தில் அது ஒருமுறை தலைகாட்டியிருக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதி குறிக்கிறது. அது காக்ஸ்டன் அச்சுக்கூடத்துக்கு அரை நூற்றாண்டு முந்தைய காலம். அந்த ஆண்டு நூல் இயற்றப்பட்டதா, நமக்குக் கிடைத்த படி எழுதப்பட்டதா என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு. படி பிந்தியதென்றால் எச் படியெடுத்தவருடையதாக இருக்கலாம். அப்போது காக்ஸ்டன் முதல்வராகவே நீடிப்பார். படியும் 1425க்கு உரியதென்றால், அச்சே இல்லாத நாட்டில் ஃபிளெமிஷ் கோப்பாளர் எவரும் தொடாத ஒரு சொல்லில் எச் எப்படி வந்தது என்று கிரிஸ்டலும் நானும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.