வயிற்றுக்குள்ள போன கேமரா, பைப்புக்குள்ள வர ஏன் இவ்வளவு நாள்?

போன மாசம் எங்க வீட்டு பாத்ரூம்ல தண்ணி போகல. நாங்க இருக்கிறது கிரவுண்ட் ஃப்ளோர் என்பதால மேல இருக்கிற ரெண்டு வீட்டுத் தண்ணியும் எங்க வீட்டுக்குள்ளதான் எட்டிப் பார்த்தது. ஓனர் அங்கிள் வந்தார், சேம்பர் மூடியைத் திறந்து பார்த்தார், போனை எடுத்தார். "ஒரு ஆள் இருக்கான் தம்பி, உள்ள இறங்கி அரை மணி நேரத்துல எடுத்துடுவான்" என்றார். நான் ஒண்ணும் சொல்லல. இதை இங்க ஒத்துக்கணும். அந்த நேரத்துல எனக்கு பாத்ரூம் சரியானா போதும்னுதான் இருந்தது.

தடுத்தவர் பிளம்பர் அண்ணா. "யாரையும் இறக்க வேணாம் சார், முதல்ல பார்த்துடலாம்" என்று பையிலிருந்து ஒரு நீளமான கேபிளை எடுத்தார். நுனியில் விரல் தடிமனில் ஒரு கேமரா, அதைச் சுற்றி எல்.ஈ.டி. விளக்குகள், இன்னொரு பக்கம் ஒரு சின்னத் திரை. பதினெட்டு அடியில, வேப்பமரத்துக்கு நேர் கீழ, பைப் ஜாயிண்ட் வழியா தலைமுடி மாதிரி வேர் தொங்கிட்டு இருந்தது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்தக் கருவி எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். இந்த எபிசோட் அந்தத் தேடல்தான்.

ஆரம்பம் ஜெர்மனியில, மெழுகுவர்த்தியில. பிராங்க்பர்ட்டில் மருத்துவராக இருந்த பிலிப் போட்சினி, 1806 வாக்கில் 'ஒளி கடத்தி' என்ற பொருள் வரும் பெயரில் ஒரு கருவி செய்தார். ஒரு டப்பா, உள்ளே மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடி, உடம்புக்குள் விட ஒரு குழாய். வெளிச்சத்தை உள்ளே அனுப்பணும், பிம்பத்தை வெளியே கொண்டு வரணும். இன்னைக்கும் பிரச்சினை இந்த ரெண்டுதான். வியன்னாவின் மருத்துவ வட்டாரம் அதை பெரிசா எடுத்துக்கல. 1809-இல் டைஃபஸ் காய்ச்சலில் போட்சினி இறந்தபோது அவருக்கு வயசு 35.

1868-இல் அடால்ஃப் குஸ்மவுல் என்ற மருத்துவர் வளையாத நேர்க்குழாயை வயிற்றுக்குள் விட நினைத்தார். யார் விழுங்குவாங்க? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்தார். குழாய் உள்ளே போனது. ஆனா வெளிச்சம் பத்தாததால ஒண்ணும் சரியா தெரியல. 1921-இல் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்கு நீராவி டர்பைனின் ரோட்டாருக்குள் விரிசல் இருக்கான்னு பார்க்கணும். அவங்களுக்குக் கருவி செய்து கொடுத்த ஜார்ஜ் கிராம்ப்டன் ஒரு கண் டாக்டர். 'போர்ஸ்கோப்' அங்கதான் பிறந்தது.

இதுவரை எல்லாமே வளையாத குழாய். வீட்டு டிரெய்னேஜ்ல ரெண்டு பெண்ட் வந்தா கதை முடிஞ்சது. வளைவை ஜெயிச்ச கதையில நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாரால்ட் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியர், ஒரு விருந்தில் மருத்துவர் ஒருவர் வளையாத குழாயால் நோயாளிகள் படும் பாட்டைச் சொல்லக் கேட்டு, கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டிப் படம் அனுப்பலாமே என்று யோசித்தார். அதைச் செய்து காட்டியது அவருடைய மாணவர் கபானி. 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. பத்தாயிரத்துக்கு மேல் இழைகள், 75 செ.மீ. நீளம். ஒரு சிக்கல்: இழையும் இழையும் தொடும் இடத்தில் வெளிச்சம் கசிந்தது. இழைக்கு வேறொரு பொருளால் உறை போட்டால் கசியாது என்று நெதர்லாந்தின் வான் ஹீல் எழுதினது அதே இதழில்தான் இருந்தது!

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாரி கர்டிஸ் என்ற இளநிலை மாணவர் கண்ணாடிக்குக் கண்ணாடியாலேயே உறை போட்டார். 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் குழாயை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். அதுக்கப்புறம்தான் நோயாளிக்கு.

அடுத்த தாவல், கண்ணையே உள்ள அனுப்புறது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி.யைக் கண்டுபிடித்தார்கள். 1990-களில் நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில், விண்கலத்துக்கு எடை குறைந்த கேமரா வேணும்னு எரிக் ஃபாஸம் குழு சீமாஸ் சென்சாரை உருப்படியாக்கியது. உங்க போன்ல இருக்கிறதும், அண்ணா கேபிள் நுனியில இருந்ததும் அந்த வம்சம்தான். 2009-க்கான இயற்பியல் நோபலில் பாதி ஆப்டிகல் ஃபைபருக்காக சார்லஸ் காவோவுக்கு, மீதி பாதி பாயிலுக்கும் ஸ்மித்துக்கும். கபானி பெயர் அதில் இல்லை. எனக்கு இன்னும் ஆறல.

பைப்புக்கு வருவோம். சாக்கடை கேமரா ஏற்கெனவே மேலை நாடுகளில் இருந்தது. 1980-இல் பிரிட்டனில் நீர் ஆய்வு மையம், பார்க்கிற பழுதை எல்லாரும் ஒரே மாதிரி குறிச்சு வைக்க ஒரு கையேடே போட்டது. நீளவாக்கு விரிசலுக்கு ஒரு குறியீடு, மெல்லிய வேருக்கு ஒண்ணு, கட்டையா அடைச்ச வேருக்கு ஒண்ணு. எர்ரர் கோடு பார்த்தே வாழ்க்கை போற எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. வீட்டு பைப்புக்கான கேமராவில் பேர் போன 'சீஸ்நேக்' வந்தது, ஆழ்கடலுக்கு விளக்கும் கேமராவும் செய்யும் சான் டியாகோ ஆட்களிடமிருந்து. இருட்டு, தண்ணி, அழுத்தம், வேலை ஒண்ணுதானே.

எனக்கு ரொம்பப் பிடிச்ச நுணுக்கம் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் 'சோண்ட்'. அது 512 ஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும், மேல ஒருத்தர் ரிசீவரோட நடந்து கேமரா எங்கே நிக்குதுன்னு கண்டுபிடிப்பார். ஏன் அவ்வளவு குறைஞ்ச அலைவரிசை? அதிகமா இருந்தா வார்ப்பிரும்பு பைப்பே அதை விழுங்கிடும். அண்ணாகிட்ட அது இல்ல. கேபிளை டேப்பால் அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்.

இப்ப தலைப்புக் கேள்வி. டர்பைனுக்கு 1921-லேயே கண் கிடைச்சது, எங்க தெரு சேம்பருக்கு ஏன் இப்பதான்? விலை ஒரு காரணம். என் கருத்தில் பெரிய காரணம் வேற. டர்பைனுக்குள்ள ஆள் போக முடியாது. சேம்பருக்குள்ள போக ஒரு சாதி ஆட்களை நாம தயாரா வச்சிருந்தோம். ஓனர் அங்கிள் போனில் அந்த நம்பர் இருந்ததே, அதுதான் பதில்.

உள்ள இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு மோசமான வாயு. அளவு கூடினா மூக்கு மரத்துப் போய் அழுகின முட்டை நாத்தம் தெரியாமலே போயிடும்; நாத்தம் இல்லன்னு நினைக்கிற நேரத்துலதான் ஆள் விழுவார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்தது. 2013-இல் வந்த புதுச் சட்டம், உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நேரடியா வேலைக்கு வச்சாலும், இடையில் ஆள் விட்டு வச்சாலும் பொருந்தும். 2014-இல் உச்ச நீதிமன்றம், 1993-க்குப் பிறகு சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததுன்னா, சாவு நிக்கலன்னு அர்த்தம்.

கேமரா அடைப்பை எடுக்காது, அதையும் சொல்லணும். பைப் நிறைய அழுக்குத் தண்ணி நின்னா எதுவுமே தெரியாது; அண்ணா முதல்ல ராடு விட்டு கொஞ்சம் தண்ணி இறக்கின பிறகுதான் எங்களுக்கு வேர் தெரிஞ்சது. கேரளாவின் ஜென்ரோபாட்டிக்ஸ் 2018-இல் கொண்டு வந்த 'பண்டிகூட்' ரோபோவில் கேமராவோட கையும் இருக்கு, ஆனா அது தெரு மேன்ஹோலுக்கு.

சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில் மட்டும் மூணடி தோண்டினோம். பழைய ஸ்டோன்வேர் பைப், ஜாயிண்ட் சிமெண்ட் உதிர்ந்திருந்தது. வேரை வெட்டி, அந்தத் துண்டுக்குப் பதில் பி.வி.சி. போட்டாங்க. அங்கிள் காசு கொடுக்கும்போது, "அந்த ஆளை இறக்கியிருந்தா பாதிதான் ஆயிருக்கும்" என்றார். இந்தத் தடவை நான் சும்மா இருக்கல. 2013 சட்டத்தோட அந்தப் பிரிவை அங்கேயே போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சார். "அப்போ போன வருஷம் கூப்பிட்டது?" என்று கேட்டார்.