ஷிஃப்டுக்குள் ஒளிந்திருந்த வரி

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 கடைக்கு வந்தபோது, டாஸின் கறுப்புத் திரைக்கு இனி வேலையில்லை என்ற பேச்சு பலமாக இருந்தது. ஃபோல்டர்களை மஞ்சள் படங்களாக அடுக்கிக் காட்ட எக்ஸ்ப்ளோரர் வந்துவிட்டது. மவுஸ் இருந்தால் போதும். ஆனால், அந்த முகப்பை உருவாக்கிய குழுவே பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டது. அதில் ஒரு குட்டிக் கருவி: ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்தால், அதே ஃபோல்டரில் டாஸ் திரை திறக்கும். கறுப்புத் திரை இல்லாமல் அவர்களுக்கே பொழுது போகவில்லை போலும்.

தேவை நிஜமானது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் வசதி 1983இல் டாஸ் 2.0 உடன் வந்தது. உள்ளே போக 'சிடி' என்று அடித்துப் பாதை முழுவதையும் எழுத வேண்டும். விண்டோஸ் 95 நீளமான, இடைவெளி விட்ட பெயர்களை அனுமதித்ததும் தட்டச்சுச் சுமை ஏறியது. இதில் இன்னொரு குறும்பும் உண்டு. சி டிரைவில் இருந்துகொண்டு டி டிரைவின் ஃபோல்டருக்கு 'சிடி' கொடுத்தால், பிழை என்று எதுவும் வராது. ஆனால் அடுத்த வரியில் பார்த்தால் அதே சி டிரைவ். இன்றைய கமாண்ட் பிராம்ப்டிலும் இப்படித்தான்.

எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் தனித்தனியே வைத்திருக்கும் கணக்கு. பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் உருவான தொடக்க நாட்களில் இதை ஒரு சறுக்கல் மூலம் தெரிந்துகொண்டார்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் எழுதினார். ஒவ்வொரு கட்டளையையும் தனிக் கிளையாக ஓட்டும் முறை வந்ததும், ஃபோல்டர் மாற்றும் கட்டளை திடீரென வேலை செய்யவில்லை. கிளை ஃபோல்டர் மாறியது, வேலை முடிந்து மறைந்தது. தாய் நிரல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் அந்தக் கட்டளையைத் தாய் நிரலான ஷெல்லுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பிறக்கும் நிரல் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தொடங்கும்போதே சொல்லிவிடலாம். ரைட் கிளிக் மெனு செய்வது அவ்வளவுதான்.

ஃபோல்டர் பட்டியலையும் கட்டளை வரியையும் பிரிக்காமலே வைத்திருந்தவர்களும் உண்டு. 1986இல் வந்த, ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டரில் மேலே இரண்டு பட்டியல்கள், கீழே கட்டளை வரி. பட்டியலில் ஃபோல்டர் மாறினால் கீழேயும் மாறும். லினக்ஸில் கேடிஇயின் டால்ஃபின் இன்றும் அந்த வழிதான்: எஃப்4 அழுத்தினால் அடியில் டெர்மினல் விரிகிறது. மேலே வேறு ஃபோல்டரைத் திறந்தால், கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று அதில் 'சிடி' அடிப்பதைப் பார்க்கலாம்.

மைக்ரோசாஃப்டுக்குத் தயக்கம் தீரவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியிலும் தனியே நிறுவ வேண்டிய பவர்டாய்தான். விஸ்டாவில் இந்த மெனு வரி விண்டோஸுக்குள்ளேயே வந்தது. ஆனால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால்தான் தெரியும். ஆப்பிளும் 2011இல் லயன் பதிப்பில் இப்படி ஒரு வசதியைத் தந்து, அமைப்புகளுக்குள் போய் டிக் செய்தால்தான் வரும்படி வைத்தது.

2017 வசந்தத்தில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் அந்த வரியும் மாறிப்போனது. கமாண்ட் பிராம்ப்ட் இருந்த இடத்தில் பவர்ஷெல். பழகிய கைகள் விடுமா? ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, பூட்டியிருந்த உரிமையை வாங்கி, 'மறை' என்ற பொருளில் தொடங்கும் ஒரு பெயரைக் 'காட்டு' என்று திருத்திப் பழையதை மீட்டார்கள். அவ்வளவு பாடுபடத் தேவையில்லை என்பது வேடிக்கை: எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் 'சிஎம்டி' என்று அடித்து என்டர் தட்டினாலே, அந்த ஃபோல்டரில் கறுப்புத் திரை வந்து நிற்கும்.

2021இல் வந்த விண்டோஸ் 11இல் ஷிஃப்டும் வேண்டாம். சாதாரண ரைட் கிளிக்கிலேயே டெர்மினல் இருக்கிறது. உள்ளே ஓட வேண்டியது பவர்ஷெல்லா, பழைய கமாண்ட் பிராம்ப்டா என்பதை அமைப்புகளில் அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.